புத்தகத்தைக் கண்டாலே நழுவும் 11 வயதுப் பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: மகனுக்கு 11 வயது, ஆங்கில வழியில் ஆறாம் வகுப்பு. தமிழ் வாசிக்கத் தெரியும். பாட்டி கதை சொன்னால் சாப்பாட்டை மறந்து கேட்பான். ஆனால் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் ஐந்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அவனுக்குப் புத்தகத்தில் ஆர்வம் வர எந்த நூல்களைக் கொடுக்கலாம்?

கதை கேட்கப் பிடிக்கிறது, வாசிக்கப் பிடிக்கவில்லை என்றால் ஆர்வத்தில் குறை இல்லை, வேகத்தில்தான் குறை. ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் 17 எழுத்து. உங்கள் கண் அதை ஒரே வீச்சில் விழுங்கிவிடும். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை ‘யெல்லாம்’ வரைக்கும் வந்து சேர்வதற்குள் ‘போய்’ மறந்துபோயிருக்கும். அதோடு, வீட்டில் அவன் பேசுவது ‘போய்ட்டு இருந்தவங்கள எல்லாம்’. ஆக, எழுத்தைக் கூட்ட வேண்டும், அதைத் தன் பேச்சுக்கு மாற்றிப் புரிந்துகொள்ளவும் வேண்டும். இரண்டு வேலையும் முடிந்த பிறகுதான் கதை. அந்தக் களைப்பில் எவனுக்கும் புத்தகம் கசக்கும்.

எனவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. பக்கத்துக்கு 100 சொல் அளவுள்ள ஏதாவது ஒரு கதைப் புத்தகம். ஒரு பக்கத்தை அவன் சத்தமாக வாசிக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள், கடிகாரத்தை அவன் கண்ணில் படாமல் பாருங்கள். நிமிடத்துக்கு 40 சொல்லுக்குக் குறைவாக வந்தால் முழு நாவல் இப்போதைக்கு வேண்டாம். இது ஆய்வுக் கணக்கு அல்ல, கைக்கணக்குதான். ஆனாலும் வழி காட்டும். அந்த வேகத்தில் 250 சொல் உள்ள ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். 60, 70 சொல் வந்தால் சிறிய நாவலுக்குத் தயார். வேகம் நன்றாக இருந்தும் வாசிக்க மறுத்தால்தான் பிரச்சினை புத்தகத் தேர்வில் இருக்கிறது.

அடுத்தது, புத்தகத்தைக் கையில் எடுத்தால் அட்டையையும் பின்னட்டைப் பாராட்டையும் விட்டுவிட்டு நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே காற்றோட்டமாக, பக்கத்துக்கு 20 வரிக்குள் இருக்கிறதா? மேற்கோள்குறிகள் கண்ணில் படுகின்றனவா, அதாவது பாத்திரங்கள் பேசிக்கொள்கிறார்களா? நான்கைந்து பக்கத்துக்கு ஒரு படமாவது உண்டா? அத்தியாயம் ஐந்தாறு பக்கத்தில் முடிகிறதா? வர்ணனை மட்டும் ஒரு பக்கத்துக்கு மேல் நீண்டால் மூடி வைத்துவிடலாம். ஒல்லியான புத்தகம் என்றால் எளிது என்று நினைத்து ஏமாற வேண்டாம். ‘குட்டி இளவரசன்’ ஒல்லிதான், படமும் உண்டு. ஆனால் அதன் துக்கமும் கிண்டலும் பெரியவர்களுக்குப் பிடிபடும் அளவு 11 வயதுக்குப் பிடிபடாது. பரிசாகக் கிடைத்து அலமாரியில் தூங்கும் புத்தகங்களில் அது முதல் வரிசையில் இருக்கும்.

இனி புத்தகங்கள். உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்வது காமிக்ஸ். முகம் சுளிக்காதீர்கள். பேச்சுக் குமிழி ஒன்றில் பத்துச் சொல்லுக்கு மேல் வருவது குறைவு, பாதி அர்த்தத்தைப் படமே சொல்லிவிடும், பக்கம் சரசரவென்று நகரும். ‘ஒரு புத்தகத்தை முடித்துவிட்டேன்’ என்ற உணர்வு அவனுக்கு இதில்தான் முதலில் கிடைக்கும். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் தொடங்கின, இன்றும் வருகின்றன. அவற்றில் லக்கி லூக், சிக் பில் இரண்டும் சிரிப்புக் கௌபாய் கதைகள், இந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்தவை. தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவன் என்ற ஒரு வரி போதும், லக்கி லூக்கைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய. ஸ்மர்ஃப் கதைகள் கொஞ்சம் சின்னப் பிள்ளைத்தனமாக அவனுக்குத் தோன்றலாம்; தங்கை இருந்தால் அவளுக்கு ஆகும். இரும்புக்கை மாயாவி பழைய பாணி, ஆனால் மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய ஆள் மறைந்துபோவது இன்றைக்கும் எடுபடுகிறது. வீட்டில் அப்பாவோ மாமாவோ அதைப் படித்து வளர்ந்தவராக இருந்தால் வேலை பாதி முடிந்தது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அதே பதிப்பகத்திலிருந்து பெரியவர்களுக்கான கிராஃபிக் நாவல்களும் வருகின்றன. இரத்தமும் இருட்டும் அதிகம். அட்டையைப் பார்த்து வாங்காமல் உள்ளே புரட்டிவிட்டு வாங்குங்கள். லயன், முத்து காமிக்ஸ் எல்லாக் கடையிலும் இருக்காது. சந்தாவிலும் புத்தகக் கண்காட்சியிலும்தான் எளிதாகக் கிடைக்கும். இன்னொன்று, முதல் தடவை அவன் படத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘முடிச்சிட்டேன்’ என்பான். விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து, ‘அந்தக் கிழவன் ஏன் சிறையிலிருந்து தப்பினான்?’ என்று நிஜமாகவே தெரியாதவர் மாதிரி கேளுங்கள். பதில் குமிழிக்குள் இருக்கிறது, தானே தேடிப் போவான். பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு நாடகம் மாதிரி வாசிப்பதும் நன்றாக வேலை செய்யும். வில்லன் வசனத்தை அவனுக்கே விட்டுக்கொடுங்கள்.

காமிக்ஸ் நான்கைந்து முடிந்த பிறகு ஒரே அமர்வில் முடியும் மெல்லிய புத்தகங்கள். விஷ்ணுபுரம் சரவணனின் ‘கயிறு’ மிகச் சிறியது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றிப் பேசுகிறது. ஆறாம் வகுப்புப் பையன் தினமும் வகுப்பில் பார்க்கும் விஷயம் என்பதால் தன் கதையாக எடுத்துக்கொள்வான். தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரிக்கப்பட்டவை. அரசுப் பள்ளியில் படிக்கும் உறவுக்காரப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்கு ‘நட’ படியிலிருந்து தொடங்கலாம். ‘நுழை’ அவன் வயதுக்கு அவமானமாகப்படும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், அங்கேயும் ஒன்று முதல் நான்கு வரை படி உண்டு. ஆனால் திரையில் வாசிக்க வைத்தால் அடுத்த நிமிடம் யூடியூப் திறந்திருக்கும். அச்செடுத்துக் கொடுப்பது நல்லது.

கதையே வேண்டாம் என்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குத் தகவல்தான் கதை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ மாத இதழைப் போட்டு வையுங்கள். கட்டுரைகள் நீளம் குறைவு, எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம். கிரிக்கெட் பைத்தியம் என்றால் நாளிதழின் விளையாட்டுப் பக்கமே போதும். நேற்று தான் பார்த்த ஆட்டத்தைப் பற்றி வாசிக்கிறான், அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகிக்க முடிகிறது, அதனால் வேகம் தானாக ஏறுகிறது. இதெல்லாம் வாசிப்பில் சேராது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நாவலுக்கு வரும்போது ஜெயமோகனின் ‘பனி மனிதன்’ நல்ல தொடக்கம். தினமணி சிறுவர்மணியில் தொடராக வந்த கதை என்பதால் அந்தத் தொடருக்கே உரிய இழுவிசை இதில் உண்டு. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிறார்கள் என்ற ஒற்றை வரியே பிள்ளைகளை உட்கார வைக்கும். இடையிடையே வரும் தத்துவப் பேச்சைத் தாண்டிப் போக அனுமதியுங்கள். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியை வைத்து எழுதப்பட்டது, 2023-ல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. பாடப் புத்தகத்தில் கீழடி என்ற பெயரைப் பார்த்திருப்பான், அதனால் பிடி கிடைக்கும். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவைகளைத் தேடி அலையும் பையனைப் பற்றியது, அருமையான புத்தகம். ஆனால் கரிசல் பேச்சு. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சு, சென்னைப் பிள்ளைக்கு இன்னொரு சுமை. சென்னை என்றால் முதல் சில பக்கங்களை நீங்கள் வாய்விட்டு வாசித்து அந்த ஓசையைப் பழக்கிவிட்டுக் கொடுங்கள். ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ வேதாளக் கதைச் சட்டத்துக்குள் அறிவியலை வைத்தது, 2014-ல் அதே விருது பெற்றது. ஒவ்வொரு கதையும் தனித்தனி என்பதால் நாளுக்கு ஒன்று போதும். வாண்டுமாமாவின் சாகசக் கதைகள் மறுபதிப்பில் கிடைத்தால் விடாதீர்கள். சில இடங்களில் மொழி பழசாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் யாரையாவது ஆபத்தில் தொங்க விட்டுத்தான் முடியும்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ (2020-ன் பால சாகித்ய புரஸ்கார்) எளிய நடை, பேசும் பொம்மை, எல்லாம் சரி. ஆனால் கதையின் நடுவே இருப்பது குழந்தைகள் மீதான பாலியல் சீண்டல். கொடுக்க வேண்டிய புத்தகம்தான். நீங்கள் முதலில் வாசித்துவிட்டு, அவன் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்துகொண்டு கொடுங்கள். ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும் ‘டோட்டோ-சான்’ பற்றி ஒரு குறிப்பு: பள்ளியே பிடிக்காத பிள்ளைக்கு ரயில் பெட்டி வகுப்பறைகள் பிடித்துப்போகும், அத்தியாயங்களும் இரண்டு மூன்று பக்கம்தான். ஆனால் அதைக் கொண்டாடுவதில் பிள்ளைகளைவிட ஆசிரியர்களும் பெற்றோரும்தான் முந்துகிறார்கள். பிற்பகுதியில் தோழன் ஒருவன் இறந்துபோகிறான் என்பதையும் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

சரியான புத்தகம் கையில் இருந்தும் வீட்டில் காரியம் கெடுவது பெரும்பாலும் கொடுக்கும் விதத்தில்தான். ‘இந்தா, படி’ என்று நீட்டினால் அது வீட்டுப்பாடம். முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள். கதை சூடு பிடிக்கும் இடத்தில், வாக்கியத்தின் நடுவிலேயே, ‘அடுப்பைப் பார்த்துட்டு வரேன்’ என்று எழுந்து போங்கள். புத்தகம் திறந்தபடி கவிழ்ந்து கிடக்கட்டும். முதல் நாள் தொடாமல் இருக்கலாம், மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் கை போகும். போகவில்லை என்றால் நீங்கள் தொடருங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பத்தி அவன். இரவுச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையே 15 நிமிடம் போதும். அந்த 15 நிமிடம் உங்கள் கைபேசியும் அடுத்த அறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சே இல்லை.

வாசித்து முடித்ததும் ‘என்ன கருத்து சொல்லுது?’ என்று கேட்காதீர்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி எடுக்கச் சொல்லாதீர்கள், கதை அங்கேயே செத்துவிடும். தவறாக உச்சரித்தால் அர்த்தம் மாறாதவரை விடுங்கள். ழகரத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று ஆசை காட்டினால் காசுள்ளவரை வாசிப்பான். 20 பக்கம் வாசித்தும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடலாம் என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். அதை அவன் நம்ப வேண்டும் என்றால் நீங்கள் வாங்கிய விலையைப் பற்றி ஒருமுறைகூட முனகக் கூடாது. அதற்காகத்தான் நூலகம். நான்கு புத்தகம் எடுத்தால் மூன்று அவன் தேர்வு, ஒன்று உங்கள் தேர்வு. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் பாருங்கள்.

ஆங்கிலத்தில் அவன் வேகம் நன்றாக இருந்தால் அதையும் தடுக்க வேண்டாம். அமர் சித்திரக் கதையும் டிங்கிளும் இருக்கவே இருக்கின்றன. ஒரு மொழியில் ருசி வந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியில் வேகத்தை மட்டும் கூட்டினால் போதும்.

மூன்று மாதம் இப்படிச் செய்தும் வேகம் அசையவில்லை, வரியை விட்டுத் தாவுகிறான், அதே சொல்லை ஒரே பக்கத்தில் வேறுவேறாக வாசிக்கிறான், எழுதும்போதும் எழுத்துகள் இடம் மாறுகின்றன என்றால் புத்தகத்தை மாற்றிப் பயன் இல்லை. முதலில் கண் பரிசோதனை. கண்ணில் குறை இல்லை என்றால் டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதிலேயே சிரமம் தரும் கற்றல் குறைபாடு, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளியின் சிறப்பாசிரியரிடமோ, மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்பிடமோ காட்டலாம். சோம்பேறி என்று திட்டு வாங்கிக்கொண்டே பத்தாம் வகுப்பு வரை போகும் பிள்ளைகளில் இந்தக் குறை கண்டுபிடிக்கப்படாதவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் ‘பொன்னியின் செல்வன்’ என்ன ஆவது? யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதல் அத்தியாயத்தில் குதிரை வீரன் வந்து சேர்வதற்கு முன் கால வெள்ளம், நாட்டு வளம் என்று வாசகர் பொறுமையாகக் கூட வர வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் நின்றது அங்கேதான். ஓர் ஆண்டு கழித்து, அவன் கேட்டால், இரண்டாம் அத்தியாயத்திலிருந்து நீங்கள் சத்தமாக வாசியுங்கள். வைணவரும் சைவரும் அத்வைதியும் கூட்டத்தின் நடுவே வாய்ச்சண்டை போடுவார்கள், ஆழ்வார்க்கடியான் கையில் தடி இருக்கும். முதல் அத்தியாயத்து ஏரி வர்ணனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.