வாசகர் கேள்வி–பதில்: பெருந்தொற்றுக் காலத்தில் குழந்தைநல ஆய்வுத் திட்டங்கள்

குழந்தைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுத் திட்டங்கள் கொரோனா காலத்தில் எப்படி நடந்தன என்று கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். அக்காலம் முழுவதும் அத்தகைய திட்டம் ஒன்றில் பணியாற்றிய குழந்தைநல மருத்துவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகள் பிறந்த வாரத்திலேயே ஒரு வளர்ச்சி ஆய்வில் சேர்க்கப்பட்டாள். 2020இல் ஆய்வு ஊழியர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டு, தொலைபேசியில் அழைத்து, என்ன சாப்பிடுகிறாள், எத்தனை சொற்கள் பேசுகிறாள் என்று கேட்டார்கள். ஊரே நோயில் தவித்துக்கொண்டிருந்தபோது இதுவெல்லாம் அவசியமா என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இன்றும் அந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. — ஒரு தாய்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. உங்களை அழைத்த ஊழியரும் அதே தயக்கத்தோடுதான் எண்களை அழுத்தியிருப்பார். ஆனால் குழந்தையின் வளர்ச்சி எதற்காகவும் காத்திருப்பதில்லை. ஒன்பதாம் மாதத்தில் எடுக்க வேண்டிய அளவை ஒன்பதாம் மாதத்தில்தான் எடுக்க முடியும். நிலைமை சீரான பிறகு திரும்பிப் போய் எடுத்துக்கொள்ள வழியில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, முதியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகள் இந்நோயால் கடுமையாகப் பாதிக்கப்படுவது குறைவு என்பது ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் நோயைச் சுற்றி நடந்தவை அத்தனையும் குழந்தைகள்மேல்தான் வந்து விழுந்தன. தடுப்பூசி முகாம்கள் நின்றன, பள்ளிகள் மூடின, பெற்றோரின் வருமானம் நின்றது. போலியோ ஒழிப்புக்கான உலகளாவிய முகாம்களே 2020 மார்ச்சில் தொடங்கிச் சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பூசியில் ஒரு தவணையையாவது தவறவிட்ட குழந்தைகள் 2021இல் மட்டும் சுமார் 2.5 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. இந்த விளைவுகள் ஒரு குழந்தையின் உடலில் எங்கே, எப்படித் தங்குகின்றன என்பதைச் சொல்ல, முன்பிருந்தே பின்தொடரப்பட்டுவந்த உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி கடும் பஞ்சத்தில் சிக்கியது. அப்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோது, கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. தாய்மார்களின் பேறுகாலப் பதிவேடுகளை அந்த நெருக்கடியிலும் யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தான் அந்த உண்மை இன்று நம் கையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த அழைப்பையும் நான் அந்தப் பதிவேடுகளின் வரிசையிலேயே வைக்கிறேன்.

கேள்வி: நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். குழந்தைநல ஆய்வில் களப்பணியாளராகச் சேர விரும்புகிறேன். பெருந்தொற்றின்போது உங்கள் திட்டத்துக்குள் அன்றாட வேலை எப்படி இருந்தது என்பதை விரிவாகச் சொல்ல முடியுமா? — ஒரு மாணவி

பதில்: விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த வேலையின் இயல்பு அந்த மாதங்களில்தான் முழுமையாக வெளிப்பட்டது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நீளத்தைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருவர் குழந்தையின் தலையை அளவுப் பலகையின் மேல்முனையில் பொருத்திப் பிடித்துக்கொள்வார். மற்றொருவர் முழங்கால்களை மெல்ல அழுத்தி நேராக்கி, நகரும் பலகையைப் பாதங்களில் சேர்த்து, எண்ணைப் படிப்பார். குழந்தை மிரளாமல் இருக்கத் தாய் அருகிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார். ஆக, அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் முகத்தருகே மூன்று பெரியவர்கள் குனிந்து நிற்க வேண்டும். ‘ஆறடி இடைவெளி’ என்ற விதி வந்த அன்றே இந்த அளவீடு நின்றுபோனதில் வியப்பில்லை. வளர்ச்சிச் சோதனைகளும் அப்படித்தான்: கட்டைகளை அடுக்கச் சொல்வதும், படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதும் எதிரே உட்கார்ந்து செய்ய வேண்டியவை, முகக்கவசத்தோடு செய்தால் குழந்தை நம் உதடுகளைப் பார்க்க முடியாது என்பதால் கிடைக்கும் மதிப்பெண்ணை முந்தைய ஆண்டுகளின் மதிப்பெண்ணோடு ஒப்பிட இயலாது.

எல்லாவற்றையும் அப்படி நிறுத்திவிட முடியவில்லை. புதிய மருந்தையோ தடுப்பூசியையோ சோதிக்கும் ஆய்வுகளில் இருந்த குழந்தைகளின் பாதுகாப்பைத் தொடர்ந்து கவனிப்பது நம் கடமை. அதைக் கைவிட எந்த நெறிமுறைக் குழுவும் சம்மதிக்காது. நேரில் வரச் சொல்வதற்குப் பதிலாகத் தொலைவிலிருந்தே கண்காணிப்பது உள்ளிட்ட மாற்று ஏற்பாடுகளுக்கான வழிகாட்டுதல்களை அமெரிக்க, ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்புகள் 2020 மார்ச்சிலேயே வெளியிட்டன. பங்கேற்பவரின் பாதுகாப்பே முதலில், தரவு அதற்குப் பின்னர்தான் என்பது அவற்றின் சாரம்.

எஞ்சிய வேலை தொலைபேசிக்கு மாறியது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த மாற்றம்தான் எங்கள் பணியாளர்களை அதிகம் சோர்வடையச் செய்தது. பல வீடுகளில் ஒரே ஒரு கைபேசி. அதைத் தந்தை வெளியே எடுத்துச் சென்றுவிடுவார். அவர் திரும்பிய பிறகு, இரவு எட்டு மணிக்கு மேல்தான் தாயிடம் பேச முடியும். பேசும்போதும் வீடு முழுவதும் ஆட்கள் இருப்பார்கள். வீட்டுச் சண்டையைப் பற்றியோ மனச்சோர்வைப் பற்றியோ வெளிப்படையாகக் கேட்டால் பதில் வராது. வந்தால் அது அவருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் போதும்படி கேள்விகளைத் திருத்தி எழுதினோம். உயரமும் எடையும் கேட்கத் தொடங்கிய அழைப்பு, ‘மாமியார் நேற்றுதான் இறந்துபோனார்’ என்ற விம்மலில் நின்றுவிட்ட நாள்களும் உண்டு. அப்போது கேள்வித்தாளை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் முறை. உணவு உதவிக்கும் மருத்துவ உதவிக்கும் யாரை அணுகலாம் என்ற பட்டியல் ஒவ்வொரு பணியாளரின் மேசையிலும் இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு தாயிடம் ‘நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள்’ என்று கேட்பது அறமாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தாய்மார்களே அளவெடுத்த அனுபவத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்க மூன்று நிறப்பட்டைகள் கொண்ட ஒரு நாடா உண்டு. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. தோள்முனைக்கும் முழங்கைக்கும் நடுவே, கை தளர்ந்து தொங்கும்போது, தோல் மடியாத அளவுக்கு நாடாவை இழுத்து, சிறிய துளை வழியே தெரியும் நிறத்தைப் பார்க்க வேண்டும். தாய்மார்களால் இதை நம்பகமாகச் செய்ய முடியும் என்பதை நைஜர் நாட்டில் நடந்த ஆய்வுகள் பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தன. இருந்தும், பணியாளர்கள் வீடுகளுக்குப் போக முடியாமற்போன பிறகுதான் இந்த முறை பல நாடுகளில் வேகமாகப் பரவியது. சிவப்பு தெரிந்ததும் யாரும் வந்து பார்க்கும்வரை காத்திராமல், அந்தத் தாயே மருத்துவமனைக்கு அழைத்துச் சொல்கிறார். பெருந்தொற்று முடிந்த பின்னும் விடாமல் வைத்துக்கொள்ள வேண்டிய முறை இது.

ஆய்வகத்தைப் பற்றிச் சுருக்கமாக: மாதிரிகள் மைனஸ் 80 டிகிரியில் உறைநிலையில் இருப்பவை. ஊரடங்கானாலும் யாராவது ஒருவர் அனுமதிச் சீட்டோடு வந்து வெப்பநிலையைக் குறித்துவிட்டுப் போக வேண்டும். பிசிஆர் கருவியும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் இருந்த ஆய்வகங்கள் பலவும் கொரோனா பரிசோதனைக்குத் திரும்பின. அங்கெல்லாம் வழக்கமான ஆய்வு வேலை பின்னுக்குப் போனது.

கேள்வி: ஆய்வுக்காக என் மகனிடம் 2018இல் ரத்தம் எடுத்தார்கள். அது உறைநிலையில் பாதுகாக்கப்படுவதாகச் சொன்னார்கள். பெருந்தொற்றின்போது எங்களைக் கேட்காமலே அதைக் கொரோனா ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியிருப்பார்களா? — ஒரு தந்தை

பதில்: அது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தைப் பொறுத்தது. ‘எதிர்கால ஆய்வுகளுக்குப் பயன்படுத்தலாம்’ என்று நீங்கள் சம்மதித்திருந்தால், நெறிமுறைக் குழு தனியே ஆராய்ந்து அனுமதித்த பிறகு, பெயரோ அடையாளமோ இல்லாமல் பயன்படுத்தியிருக்கலாம். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் உங்களை மீண்டும் அணுகியிருக்க வேண்டும். நெருக்கடி என்பதற்காக இந்த விதி தளர்ந்துவிடுவதில்லை.

2020க்கு முன் எடுத்த ரத்தத்துக்கு அப்போது தனி மதிப்பு ஏற்பட்டது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒருவருக்குக் கொரோனா வந்துபோனதா என்பதைக் கண்டறியும் எதிர்ப்பொருள் சோதனைகள் புதிதாக வந்துகொண்டிருந்தன. அவை தவறாக ‘ஆம்’ என்று சொல்கின்றனவா என்று அறிய, அந்தக் கிருமியைச் சந்தித்திருக்கவே முடியாத ரத்தம் தேவைப்பட்டது. பழைய மாதிரிகள் பல இடங்களில் இந்த நோக்கத்துக்கே உதவின. உங்கள் மகனின் மாதிரி எதற்குப் பயன்பட்டது என்று திட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை. எஞ்சியிருப்பதை அழித்துவிடுமாறு கோரவும் பெரும்பாலான திட்டங்களில் உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: பெரியவர்களுக்கு 2020 டிசம்பரிலேயே கொரோனா தடுப்பூசி வந்துவிட்டதே, சிறு குழந்தைகளுக்கு மட்டும் ஏன் அவ்வளவு தாமதம்? — ஒரு வாசகர்

பதில்: குழந்தைகளுக்கான சோதனையைப் பெரியவர்களிடம் பாதுகாப்பு உறுதியான பிறகு, வயது வாரியாக மேலிருந்து கீழே இறங்கித்தான் நடத்துவார்கள். அந்த ஒழுங்கை அவசரம் மாற்றக் கூடாது. ஃபைசர் தடுப்பூசி அமெரிக்காவில் 12 முதல் 15 வயதினருக்கு 2021 மே மாதத்திலும், 5 முதல் 11 வயதினருக்கு அதே ஆண்டு அக்டோபர் இறுதியிலும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 2022 ஜூனிலும் அனுமதி பெற்றது. அளவும் வேறு: பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம், 5 முதல் 11 வயதினருக்கு 10, அதற்கும் கீழே 3. கடைசிப் பிரிவில் இரண்டு முதல் நான்கு வயதுள்ள குழந்தைகளிடம் இரண்டு தவணைகள் போதிய எதிர்ப்பாற்றலை உண்டாக்கவில்லை என்பது சோதனையில் தெரிந்தது. மூன்றாம் தவணையைச் சேர்த்து மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சில மாதங்களைத் தாமதம் என்று சொல்வதைவிடச் சோதனை தன் வேலையைச் செய்தது என்று சொல்வதே பொருந்தும்.

கேள்வி: பல மாதங்களின் அளவீடுகள் இல்லாமல்போன ஆய்வின் முடிவுகளை எப்படி நம்புவது? விடுபட்ட இடங்களைக் கணக்கிட்டு நிரப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். — ஒரு புள்ளியியல் ஆசிரியர்

பதில்: உங்கள் ஐயம் சரியான இடத்தைத் தொடுகிறது. எத்தனை அளவீடுகள் விடுபட்டன என்பதைவிட, யாருடையவை விடுபட்டன என்பதே முக்கியம். வேலை இழந்து ஊர் மாறிய குடும்பம், கைபேசிக்குப் பணம் கட்ட முடியாத குடும்பம், வீட்டில் மரணம் நிகழ்ந்த குடும்பம் ஆகியவைதான் முதலில் நம் தொடர்பிலிருந்து நழுவின. அதிகம் பாதிக்கப்பட்ட குழந்தைகளும் அந்த வீடுகளில்தான் இருந்திருப்பார்கள். தொடர்பில் இருந்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், குழந்தைகள் உண்மையில் இருந்ததைவிட நலமாக இருந்ததாகத் தோன்றும். புள்ளியியல் முறையில் மதிப்பிட்டு நிரப்புவது தவறன்று. ஆனால் விடுபட்டதற்கான காரணம் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டிருந்தால்தான் அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளம் உண்டு. ‘தொடர்பு கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியை எங்கள் பதிவேட்டில் நான் ஏற்கவில்லை. எண் மாறியதா, ஊர் மாறினார்களா, பேச விருப்பமில்லையா, வீட்டில் நோயா என்று பிரித்து எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன். பணியாளர்களுக்கு அது பெரும் சுமை. அதைச் சுமந்த அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எடுத்த அளவீடுகளையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மூச்சுக்குழல் அழற்சியை உண்டாக்கும் ஆர்எஸ்வி கிருமி, 2020–21 குளிர்காலத்தில் பல நாடுகளில் ஏறக்குறைய காணாமற்போய், பின்னர் வழக்கமில்லாத பருவத்தில் திரும்பி வந்தது. அந்த இடைவெளியில் ஒரு சத்துணவுத் திட்டத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், ‘எங்கள் குழந்தைகளுக்குச் சளித்தொல்லை குறைந்தது’ என்று சொன்னால் அது உணவின் பலனாக இருக்க வாய்ப்பில்லை. ஒப்பீட்டுக் குழுவிலும் அதே குறைவு இருந்ததா என்று வாசகர் கேட்க வேண்டும். அந்த மாதங்களில் வெளியான எந்த ஆய்வறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

கேள்வி: 2020இல் பயத்தினால் ஆய்விலிருந்து விலகிக்கொண்டோம். இப்போது என் மகனுக்கு ஆறு வயது. மீண்டும் சேர முடியுமா, அல்லது எங்கள்மேல் அவர்களுக்கு வருத்தம் இருக்குமா? — ஒரு தாய்

பதில்: வருத்தம் இருக்காது. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே விலகலாம் என்பது நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருக்கும். அந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக யாரும் உங்களிடம் முகம் சுளிக்கக் கூடாது. திட்ட அலுவலகத்தை அழைத்து, குழந்தையின் பதிவு எண்ணையோ பிறந்த தேதியையோ சொல்லுங்கள். ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருந்தால், புதிய ஒப்புதல் படிவத்தோடு பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் மகனுக்கும் இப்போது விவரம் தெரியும் வயது என்பதால், என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவனுக்குப் புரியும்படி விளக்கி அவன் சம்மதத்தையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே நினைவூட்டுங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் போட்ட தடுப்பூசிகளின் அட்டை, பள்ளியில் உயரமும் எடையும் குறித்திருந்தால் அந்தச் சீட்டு, மருத்துவமனையில் சேர்த்திருந்தால் அதன் குறிப்பு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.