கிழிக்கலாமா?

கேள்வி: எனக்கு 15 வயது. தினமும் டைரி எழுதுகிறேன். அம்மா என்னைத் தம்பியோடு ஒப்பிட்டுத் திட்டியது, நெருங்கிய தோழி திடீரென்று வேறு பெஞ்சுக்கு மாறிப்போனது எல்லாம் அதில் இருக்கிறது. பழைய பக்கங்களைப் படித்தபோது, அம்மாவைப் பற்றி இவ்வளவு மோசமாகவா எழுதினோம் என்று அழுகை வந்துவிட்டது. கிழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. அது அந்த நேரத்துக் கோபம், அவ்வளவுதான். 1942-ல் 13-வது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் 'கிட்டி' என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதம் போல எழுதிய, நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கும் அம்மாவைக் காட்டமாகத் திட்டித் தீர்த்தவள்தான். 1944 ஜனவரியில் அதையெல்லாம் திரும்பப் படித்து அதிர்ந்துபோனவள், அந்த அதிர்ச்சியையும் டைரியிலேயே எழுதி வைத்தாள். நீயும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இன்றைய தேதியைப் போட்டு, இப்போது தோன்றுவதை இரண்டு வரி எழுது.

அழுகை வந்ததற்கும் பயப்படாதே. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதவைத்தார். மனக்காயங்களை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனசு இன்னும் கனத்ததாம், ஆனால் அடுத்த சில மாதங்களில் மற்றவர்களைவிட அவர்கள் டாக்டரிடம் போனது குறைவு.

சரி, ஒரே விஷயத்தை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதுகிறாய் என்றால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். அப்புறம் அந்தத் தோழி... ஏன் பெஞ்ச் மாறினாள் என்று டைரிக்கு எப்படித் தெரியும்? அவளிடமே கேட்டுவிடு.