நிரலாளர் கேள்வி பதில்: சிக்கல் எண் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: நான் எழுதிய ஒரு செயற்கூற்றின் (ஃபங்ஷன்) சைக்ளோமேட்டிக் சிக்கல் எண் 27 என்று, நிரலை இயக்காமலே படித்து ஆராயும் எங்கள் அலுவலக ஆய்வுக் கருவி காட்டியது. 10-க்குக் கீழே கொண்டுவரும்படி அணித் தலைவர் சொன்னதால் அதை நான்கு செயற்கூறுகளாகப் பிரித்தேன். எண் இறங்கிவிட்டது. ஆனால், முன்பு இருந்ததே புரிந்தது, இப்போது நான்கு இடங்களுக்கு மாறி மாறிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது என்று உடன் பணிபுரிபவர் சொல்கிறார். எண்ணை நம்புவதா, அவரை நம்புவதா?
*(மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் வாசகி)*

பதில்: உங்கள் நிரலைப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்பவர் அவர், ஆகவே அவர் சொல்வதற்கே முதலிடம் கொடுங்கள். எண்ணையும் தள்ளிவிட வேண்டாம். அது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் எண்ணுக்கும் அவருக்கும் இடையே முரண்பாடு இல்லை என்பது விளங்கும்.

1976-இல் தாமஸ் மெக்கேப் முன்வைத்த அளவு இது. ஒரு செயற்கூற்றில் ஓட்டம் பிரியும் இடங்களை, அதாவது நிபந்தனைகளையும் மடக்குகளையும் (லூப்), எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதே அந்த எண். நிபந்தனைக்குள் வரும் 'மற்றும்', 'அல்லது' ஆகியவற்றையும் பல கருவிகள் சேர்த்து எண்ணுகின்றன. கணிதத்தின் வரைபடக் கோட்பாட்டிலிருந்து பிறந்த இந்த அளவு, ஒரு செயற்கூற்றுக்குள் ஒன்றையொன்று சாராத பாதைகள் எத்தனை என்பதையும், அதனால் அதைச் சோதிக்க எத்தனை சோதனைகளாவது எழுத வேண்டும் என்பதையும் கணிக்க உதவுகிறது. 10 என்ற வரம்பையும் அவரே ஒரு நியாயமான எல்லையாகத்தான் பரிந்துரைத்தார். மீறக் கூடாத விதியாக அல்ல. சோதிப்பவரின் சுமையை அது நேராக அளக்கிறது; படிப்பவரின் சுமையைப் பற்றி மறைமுகமாகவே ஏதோ சொல்கிறது.

இந்த வேறுபாட்டை இரண்டு சிறு நிரல்களில் காணலாம். மாதத்தின் எண்ணைக் கொடுத்தால் அதன் பெயரைத் திருப்பித் தரும் செயற்கூற்றை 12 கிளைகள் கொண்ட ஸ்விட்ச் கூற்றாக (ஒரு மதிப்பைப் பார்த்துப் பல கிளைகளில் ஒன்றைத் தேர்வது) எழுதினால் மெக்கேப் எண் 13 ஆகிவிடும். ஆனால் அதை ஒரே பார்வையில் படித்து முடித்துவிடலாம். ஒன்றினுள் ஒன்றாக மூன்று மடக்குகளும் அவற்றின் உள்ளே ஒரு நிபந்தனையும் கொண்ட செயற்கூற்றின் எண்ணோ வெறும் 5. அந்த நிபந்தனைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று மாறிகளின் மதிப்பையும் மனத்தில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தக் குறையை ஈடுசெய்யவே சோனார்சோர்ஸ் நிறுவனம் 'காக்னிட்டிவ் காம்ப்ளெக்ஸிட்டி' என்ற வேறோர் அளவை வகுத்தது. அதில் முழு ஸ்விட்ச் கூற்றுக்கும் சேர்த்து ஒரே புள்ளி. உள்ளே போகப் போக ஒவ்வோர் அடுக்குக்கும் கூடுதல் புள்ளி. அதன்படி மாதப் பெயர் தரும் செயற்கூறு 1 பெறும், மூன்று மடக்குகள் கொண்டது 10 பெறும். நிரலைப் படிப்பவர்களின் அனுபவத்துக்கு இந்த வரிசையே நெருக்கமானது.

இனி உங்கள் நான்கு செயற்கூறுகளுக்கு வருவோம். ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் அடிப்படையாக ஒரு புள்ளி உண்டு என்பதால், ஒன்றை நான்காக்கியபோது மொத்தக் கூட்டுத்தொகை 27-இலிருந்து 30 ஆகத்தான் உயர்ந்திருக்கும். எந்தக் கிளையும் மறையவில்லை. வெவ்வேறு இடங்களுக்குக் குடிபோயிருக்கின்றன. அப்படிக் குடிபோவதில் தவறில்லை, ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அழைக்கும் இடத்தில் பெயரைப் படித்த மாத்திரத்தில், உள்ளே போய்ப் பார்க்காமலே படிப்பவர் மேலே நகர முடிய வேண்டும். பிரித்த துண்டுக்கு 'இரண்டாம் பகுதி' என்பதைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை என்றாலோ, ஏழெட்டு அளபுருக்களை (உள்ளீட்டு மதிப்புகளை) அதற்குக் கையளிக்க வேண்டியிருக்கிறது என்றாலோ, வெட்டிய இடம் சரியில்லை என்று பொருள். உங்கள் நண்பர் படும் சிரமம் இதுவாகவே இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

வெட்டுவதற்கு முன் செய்யத்தக்க வேறு இரண்டு காரியங்கள் உண்டு. முதலாவது, அடுக்கைத் தட்டையாக்குவது. கடன் விண்ணப்பம் ஒன்றைச் சரிபார்க்கும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பதிவில் இருக்கிறாரா, ஆவணங்கள் முழுமையா, கேட்ட தொகை வரம்புக்குள் இருக்கிறதா, பழைய பாக்கி இல்லையா என்று நான்கு நிபந்தனைகளை ஒன்றினுள் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் 'எல்ஸ்' பகுதியில் பிழைச் செய்தி வைத்தால், நான்காவது பிழைச் செய்தி எந்த நிபந்தனைக்கு உரியது என்று தெரிய அடைப்புக்குறிகளை எண்ண வேண்டியிருக்கும். நிபந்தனைகளைத் தலைகீழாக்கி, தகுதி இல்லாத விண்ணப்பத்தை அந்தந்த இடத்திலேயே பிழைச் செய்தியுடன் திருப்பி அனுப்பிவிட்டால், நான்கு வரிசையான கேள்விகளும் கடைசியில் முக்கிய வேலையும் என்று நிரல் நேராகிவிடும். காக்னிட்டிவ் அளவில் இது 14-இலிருந்து 4-க்கு இறங்குகிறது. மெக்கேப் எண்ணோ இரண்டு வடிவத்திலும் 5-தான். படிப்பவருக்கு இவ்வளவு பெரிய நன்மை கிடைத்தும் அந்த எண்ணில் சிறு அசைவும் இல்லை என்பதை உங்கள் அணித் தலைவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, கிளைகளைத் தரவாக்குவது. ஒரு குறியீட்டுக்கு ஒரு மதிப்பு என்று நீளும் நிபந்தனைச் சங்கிலியை அட்டவணையாக எழுதி, அதில் தேடி எடுக்கும் ஒரே வரியாக மாற்றினால் கிளைகள் உண்மையாகவே மறைகின்றன. அப்போது இரண்டு எண்களும் சேர்ந்தே இறங்கும். இவை இரண்டையும் முடித்த பிறகும் 10-க்கு மேலே நின்றால், அப்போது பிரிக்கலாம்.

கேள்வி: வரி உள்தள்ளல் சரியில்லை, அடைப்புக்குறி இல்லை என்றெல்லாம் கருவி எச்சரிக்கிறது. நிரல் சரியாக ஓடும்போது இவற்றுக்கு நேரம் செலவிட வேண்டுமா?
*(கல்லூரி இறுதியாண்டு மாணவர்)*

பதில்: கட்டாயம் செலவிடுங்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்ததே இத்தகைய ஒரு வரியால்தான். பாதுகாப்பான இணைப்பின் தொடக்கத்தில் சர்வர் அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூற்றில், அடைப்புக்குறி இல்லாத ஒரு நிபந்தனைக்குக் கீழே 'கோட்டூ ஃபெயில்' என்ற கூற்று (செயற்கூற்றின் முடிவுப் பகுதிக்குத் தாவச் சொல்வது) அடுத்தடுத்து இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே அளவில் உள்தள்ளப்பட்டிருந்ததால் பார்ப்பவருக்கு இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவை போலத் தோன்றின. கம்பைலருக்கோ இரண்டாவது வரி நிபந்தனையே இல்லாதது. ஆகவே அது எப்போதும் இயங்கி, இறுதிச் சரிபார்ப்பைத் தாண்டிச் சென்றது. பிழை எதுவும் பதிவாகாத நிலையில் செயற்கூறு முடிந்ததால் போலிக் கையொப்பமும் ஏற்கப்பட்டது.

அந்த நிரலும் 'சரியாக ஓடியது' என்பதைக் கவனியுங்கள். நேர்மையான சர்வர்களுடன் இணையும்போது எந்தக் குறையும் தெரிந்திருக்காது. ஒருபோதும் எட்ட முடியாத நிரல் வரிகளைச் சுட்டும் எச்சரிக்கை அப்போதே கிளாங் கம்பைலரில் இருந்தது, ஆனால் வழக்கமாகப் பயன்படுத்தும் 'வால்' (-Wall) தெரிவில் அது சேர்க்கப்படவில்லை. 2016-இல் வந்த ஜிசிசி 6 என்ற மற்றொரு கம்பைலரில், ஏமாற்றும் உள்தள்ளலைக் கண்டறியும் எச்சரிக்கை அந்தத் தெரிவிலேயே சேர்க்கப்பட்டது.

கேள்வி: பத்தாண்டு பழைய திட்டம் ஒன்றில் முதன்முறையாகக் கருவியை ஓட்டினோம். ஆயிரக்கணக்கான எச்சரிக்கைகள். எங்கிருந்து தொடங்குவது?
*(அணித் தலைவராக இருக்கும் வாசகர்)*

பதில்: எல்லாவற்றையும் திருத்த முனையாதீர்கள், அப்படிச் செய்தால், ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் புதிய வழுக்கள் நுழையும். இன்றுள்ள எச்சரிக்கைகளைப் பழைய கணக்காக ஒரு கோப்பில் பதிந்துவிட்டு, இனிமேல் எழுதப்படும் வரிகளில் மட்டும் விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள். பிஎச்பி மொழிக்கான பிஎச்பிஸ்டான் போன்ற கருவிகளில் 'பேஸ்லைன்' என்ற பெயரில் இந்த வசதி இருக்கிறது. பிறகு, எந்தக் கோப்புகள் அடிக்கடி மாற்றப்படுகின்றன என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) வரலாற்றிலிருந்து எடுங்கள். சிக்கல் எண்ணும் மிகுந்து, மாற்றமும் மிகுந்த கோப்புகள் சிலவாகவே இருக்கும். உழைப்பை அங்கே செலுத்துங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத கோப்பு அழகில்லாமல் இருப்பதால் யாருக்கும் தொல்லையில்லை. திருத்தப்போகும் செயற்கூறு இப்போது என்ன விடை தருகிறதோ அதை அப்படியே உறுதிசெய்யும் சோதனைகளை முதலில் எழுதிவிட வேண்டும்.

எச்சரிக்கையை மௌனமாக்குவதற்காக மட்டும் ஒரு வரியை நீக்குவதை அணியில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். டெபியன் லினக்ஸில் 2006-இல் அதுதான் நடந்தது. நிரலை இயக்கிப் பார்த்து ஆராயும் கருவி ஒன்று தொடக்க மதிப்பு தரப்படாத நினைவகம் பற்றிப் புகார் சொன்னது என்பதற்காக, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் செய்யப்பட்ட மாற்றம், மறையாக்கச் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களின் ஊற்றையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. 2008 மே மாதம் இது வெளியாகும்வரை அந்தக் கணினிகளில் உருவான சாவிகள் ஊகித்துவிடக்கூடிய அளவுக்குச் சிலவாக இருந்தன. அது நிரலை இயக்கி ஆராயும் கருவி, உங்களுடையது இயக்காமலே ஆராய்வது என்றாலும், புரியாத எச்சரிக்கையைக் கையாளும் முறை இரண்டுக்கும் ஒன்றே. ஒரு விதியை ஓரிடத்தில் விலக்க வேண்டுமானால், எந்த விதி, ஏன் என்று அந்த வரியின் அருகிலேயே எழுதச் செய்யுங்கள்.

கேள்வி: கருவி ஒரு குறையும் சொல்லவில்லை என்றால் நிரல் சரியானது என்று கொள்ளலாமா?
*(வாசகர்)*

பதில்: கொள்ள முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அதன் நடத்தையைப் பற்றி எப்போதும் சரியான விடை தரும் ஒரு பொது வழிமுறை இருக்கவே முடியாது என்பது 1953-இல் ரைஸ் நிறுவிய தேற்றத்தின் சாரம். ஆகவே எந்தக் கருவியும் சிலவற்றைத் தவறவிடும், அல்லது இல்லாத குறையைச் சொல்லும். 'மொத்தத் தொகை' என்று பெயரிட்ட மாறியில் வரி கழித்த தொகை இருந்தால், அந்தப் பொய்யை உடன் பணிபுரிபவரின் கண்தான் பிடிக்க வேண்டும்.

கேள்வி: பைத்தான் கற்றுவருகிறேன். எந்தக் கருவியில் தொடங்கலாம்?
*(பள்ளி ஆசிரியை)*

பதில்: பைத்தான் நிரலை ஆராயும் ரஃப் (Ruff) கருவியை நிறுவுங்கள், மிக வேகமானது. சிக்கல் எண்ணைப் பார்க்கும் விதி அதில் இயல்பாக இயங்காது; 'சி901' (C901) என்ற விதியை நீங்களே சேர்க்க வேண்டும். சேர்த்ததும் வரம்பு 10 என்று எடுத்துக்கொள்ளும். பைலின்ட் கருவியையும் அவ்வப்போது ஓட்டிப் பாருங்கள். ஒரு செயற்கூற்றுக்கு அளபுரு 5, கிளை 12, உள் மாறி 15, கூற்று 50 என்பவை அதன் இயல்பான வரம்புகள். மாணவர்களுக்குச் சொல்லித்தரும்போது முதல் சில வாரங்கள் விதிகளைக் குறைத்து வைத்து, பயன்படுத்தாத மாறி, எட்ட முடியாத வரி ஆகிய இரண்டு எச்சரிக்கைகளின் காரணத்தை மட்டும் அவர்களையே விளக்கச் சொல்லுங்கள்.