வெளிநாட்டுப் பள்ளியோடு கூட்டு: செலவுக்குப் பணம் யார் தருவார்கள்?

இங்கிலாந்துப் பள்ளி ஒன்று உங்கள் பள்ளியோடு கூட்டு சேரக் கேட்கிறது, செலவுக்குப் பணம் எங்கே கிடைக்கும், அவர்கள் தரும் நன்கொடையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிவகங்கைப் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்தவன், 2008-இல் தொடங்கி மூன்று வருடம் இப்படி ஒரு கூட்டில் இருந்தோம். அப்போது பிரிட்டிஷ் அரசின் வெளிநாட்டு உதவித் துறையான டிஎஃப்ஐடி பணத்தில் 'குளோபல் ஸ்கூல் பார்ட்னர்ஷிப்ஸ்' என்ற திட்டம் நடந்தது. அந்தப் பணம் கட்டடத்துக்கோ கம்ப்யூட்டருக்கோ அல்ல. அங்கிருந்து ஆசிரியர் இங்கே வருவார், இங்கிருந்து அங்கே போவார், இரண்டு பள்ளியும் சேர்ந்து பாடம் தயாரிக்கும், அவ்வளவுதான். "ஒரு கழிப்பறைகூடக் கட்டித் தரமாட்டார்களா?" என்று எங்கள் தாளாளர் கேட்டார். அன்று எனக்கும் அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

நடுவில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கேக் விற்றுப் பணம் சேர்த்து அனுப்பப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் எங்களுக்குப் பதிவு இல்லை, வாங்க முடியவில்லை. சரி, புத்தகமாக அனுப்புகிறோம் என்று இரண்டு பெட்டி அனுப்பினார்கள், அது சுங்கத்தில் மாட்டி, அலைந்து மீட்டுத் திறந்தால் பாதி நம் பிள்ளைகளுக்கு ஆகாத புத்தகம். அதைவிட மோசம், அதற்கப்புறம் வந்த கடிதம் எல்லாம் "உங்களுக்கு இன்னும் என்ன வேண்டும்?" என்றே இருந்தது. நம் பிள்ளைகளும் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

அதை மாற்றியது தண்ணீர்க் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டுக்கு எத்தனை குடம் தண்ணீர் வருகிறது, யார் தூக்குகிறார்கள் என்று நோட்டில் எழுதினார்கள், அங்கே வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதினார்கள். குடத்தை லிட்டராக்கவே இரண்டு வகுப்பு சண்டை போட்டுப் போனது, ஏனென்றால் பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் குடமும் ஒரே அளவு இல்லை. அங்கிருந்து வந்த கேள்வி, "பையன்கள் பெயர் ஏன் பட்டியலில் இல்லை?" இங்கிருந்து போன கேள்வி, "குடிக்கிற தண்ணீரையா கழிப்பறையில் ஊற்றுகிறீர்கள்?" இதற்கு ஆன செலவு தபால்தலைக் காசு.

இப்போதைய நிலவரம் வேறு. அந்தத் திட்டம் முடிந்து, அதன் இடத்தைப் பிடித்த 'கனெக்டிங் கிளாஸ்ரூம்ஸ்' திட்டமும் முடிந்துவிட்டது. டிஎஃப்ஐடி என்ற துறையே 2020-இல் வெளியுறவுத் துறையோடு இணைக்கப்பட்டது, அடுத்த வருடம் வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கும் பணத்தையும் தேச வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தார்கள். 2021-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த டூரிங் (Turing) திட்டம், பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகள் வெளிநாடு போவதற்குப் பணம் தர வந்தது, நம் பிள்ளைகள் அங்கே போக அதில் வழி இல்லை. அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள், நாம் மாலை போட்டு அனுப்புவோம், அதைக் கூட்டு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நன்கொடை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எஃப்சிஆர்ஏ பதிவோ உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் பள்ளிக் கணக்கில் வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு உள்ள வேறு டிரஸ்ட் மூலம் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், ஒரு அமைப்பு இன்னொன்றுக்குக் கைமாற்றுவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது.

இன்னொன்று, எங்கள் கூட்டு பணம் தீர்ந்து முடியவில்லை. அங்கே இதைக் கவனித்த ஆசிரியை வேறு பள்ளிக்கு மாறினார், அதோடு கடிதம் நின்றது. அதனால் இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு ஆசிரியர்களையாவது பொறுப்பில் வையுங்கள். அப்புறம், முதல் மின்னஞ்சலிலேயே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: உங்கள் ஆசிரியர் இங்கே வரப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள், சரி, எங்கள் ஆசிரியர் அங்கே வருவதற்கு?