வெறும் கல்வரப்பு

அன்புள்ள சார்,

தவக்காலத்தில் எங்கள் பங்கிலிருந்து புனித நாட்டுப் பயணம் கிளம்புகிறோம். பெத்லகேமில் இரண்டு இரவு தங்குகிறோம், அதில் ஒரு பிற்பகல் ஓய்வு. முன்பு ஒரு கட்டுரையில் பத்தீர் என்ற சிற்றூரைப் பற்றி நீங்கள் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே போகலாமா என்று கேட்டதற்கு, "அங்கே என்ன இருக்கிறது, வெறும் கல்வரப்பு" என்கிறார் பயண ஏற்பாட்டாளர். யோசித்தால் எனக்கும் அது சரியென்றே படுகிறது. பக்கத்தில் பைபிள் காலத்து இடம் ஏதாவது உண்டா? அம்மாவும் வருகிறார், முழங்கால் வலி. பாதுகாப்பு எப்படி? அந்த ஊரை இஸ்ரேல் என்பதா, பாலஸ்தீனம் என்பதா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பாலஸ்தீனம். மேற்குக்கரையில், பெத்லகேமுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது பத்தீர். 2014-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும், 'பாலஸ்தீனம்: ஒலிவமும் திராட்சையும் விளையும் நிலம்' என்றுதான் பதிந்தது. பாதுகாப்பைப் பற்றி அன்று காலையில் விடுதிக்காரரிடம் கேளுங்கள். சாலை திறப்பதும் மூடுவதும் இஸ்ரேல் ராணுவத்தின் கையில் இருக்கிற நாட்டில், இங்கே உட்கார்ந்து நான் சொல்வது எதற்கும் உதவாது.

'வெறும் கல்வரப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். ஏற்பாட்டாளர் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. "எனக்கும் அது சரியென்றே படுகிறது" என்று நீங்கள் சேர்த்ததுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. நாஞ்சில் நாட்டுக்காரர் நீங்கள். வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர் ஒரு வரப்பைப் பார்த்து 'வெறும்' என்று சொல்லலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு யாத்திரைக் குழுவோடுதான் பெத்லகேம் போனேன். மற்றவர்கள் ஒலிவமரச் சிலுவை வாங்கக் கடைத்தெருவுக்குப் போன பிற்பகலில், ஆள் சேர்ந்ததும் கிளம்பும் 'சர்வீஸ்' வண்டி ஒன்றில் ஏறி பத்தீருக்குப் போனேன். ஊர் நடுவில் ஊற்று. அய்ன் அல் பலத் என்கிறார்கள், ஊர் ஊற்று என்று அர்த்தம். பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் ரோமர் காலத்துக் குளத்தில் தேங்கி, அங்கிருந்து கல்வாய்க்கால்களில் பிரிந்து, மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தோட்டங்களுக்குப் போகிறது. குளத்தின் விளிம்பில் ஒரு முதியவர் நின்றிருந்தார். கையிலிருந்த குச்சியைத் தண்ணீருக்குள் விட்டு எடுத்து, நனைந்த மட்டத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பிடித்து என்னிடம் காட்டினார். குச்சியில் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறதோ அதை வைத்துத்தான் பங்கு.

"எங்கள் ஊரில் வாரத்துக்கு எட்டு நாள்" என்றார். பத்தீர்க்காரர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் அது. ஊரில் எட்டு வகையறா. ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு நாள் தண்ணீர். இந்தச் சுற்றில் உங்களுக்குத் திங்கள் என்றால் அடுத்ததில் செவ்வாய், அதற்கடுத்ததில் புதன். தொழுகை நாளான வெள்ளிக்கிழமை எந்த வீட்டுக்கும் நிலையாக மாட்டிக்கொள்ளாது. முறைத்தண்ணீருக்காக விடிய விடிய மண்வெட்டியோடு மடையில் உட்கார்ந்திருந்தவரின் பிள்ளை நான். பக்கத்து வயல்காரரோடு அப்பா பேச்சை நிறுத்தியதும் தண்ணீரால்தான். அந்தக் கிழவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது இருபது ஆங்கிலச் சொற்கள். ஆனால் குச்சியைப் பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இப்போது வரப்பு. சாந்து கிடையாது. கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் சில்லுகளைச் செருகி, பின்னால் மண்ணை நிரப்புகிறார்கள். சாந்து பூசினால் மழைநீர் உள்ளே தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். இடுக்கு இருந்தால் நீர் கசிந்து போகும், மண் தங்கும். அப்படியும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்காவது வயிறு தள்ளும், எங்காவது சரியும். சரிந்ததை மறுபடி அடுக்க வேண்டும். தாத்தா அடுக்கியதை அப்பா, அப்பா அடுக்கியதை மகன்.

அடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். 1858-ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச்சட்டத்தில், மூன்று ஆண்டு தொடர்ந்து தரிசாகக் கிடந்த நிலம் உழுதவன் கையைவிட்டுப் போகலாம் என்றிருக்கிறது. துருக்கியர் ஆட்சி போய் நூறு ஆண்டு தாண்டிவிட்டது. இஸ்ரேல் மேற்குக்கரையில் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துவைத்து, பயிரில்லாத நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவிக்கிறது. பிறகு அங்கே யூதக் குடியேற்றம் எழும்புகிறது. சரிந்த வரப்பை ஒருவன் அடுக்காமல் விட்டால் மண் ஓடிவிடும், மண் ஓடினால் பயிர் இல்லை, பயிர் இல்லையென்றால் நிலம் இல்லை. அந்த வரப்புதான் அவனுக்குப் பட்டா. அதைப் போய் வெறும் கல் என்கிறீர்கள்.

அந்த ஊர்க்காரர் ஹசன் முஸ்தஃபாவைப் பற்றிச் சொல்லாமல் பத்தீரைப் பற்றிப் பேச முடியாது. 1948 அரபு–இஸ்ரேல் போரில் ஊர் சண்டைக் கோட்டில் மாட்டிக்கொண்டது. பெரும்பாலானவர்கள் ஓடிவிட்டார்கள். ஹசன் முஸ்தஃபாவும் சிலரும் மட்டும் தங்கினார்கள். இரவில் ஆளில்லாத வீடுகளில் விளக்கேற்றினார்கள். பகலில் கொடிகளில் துணி காயப்போட்டார்கள். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் இருந்த இஸ்ரேல் படையினருக்கு ஊரில் ஜனம் நிறைந்திருப்பதாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 1892-இல் திறந்த யாஃபா–ஜெருசலேம் ரயில்பாதை அந்தப் பள்ளத்தாக்கில்தான் போகிறது. ஊரின் காய்கறி ரயிலேறி ஜெருசலேம் சந்தைக்குப் போன காலம் உண்டு. அந்தப் பாதை இஸ்ரேலுக்கு வேண்டும். 1949-இல் இஸ்ரேலும் ஜோர்தானும் போர்நிறுத்தக் கோடு போட்டபோது, ரயிலுக்குச் சேதம் செய்வதில்லை என்று ஊர் வாக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பாதைக்கு அப்பால் இருந்த நிலத்தையும் உழுதுகொள்ளும் உரிமை கிடைத்தது.

நான் போன அன்றும் ஒரு வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தையின் பள்ளிச் சட்டை, இரண்டு போர்வை. கைபேசியை எடுத்தேன். கூச்சமாக இருந்தது, திரும்பப் பையில் போட்டுவிட்டேன்.

அந்தப் பள்ளத்தாக்கில்தான் இஸ்ரேல் அரசு பிரிவினைச் சுவர் கட்டத் திட்டமிட்டது. ஊரார் வழக்குக்குப் போனார்கள். 2012-இல் இஸ்ரேலின் இயற்கை, பூங்காக்கள் துறையே சுவரை எதிர்த்தது. 2015-இல் திட்டம் நின்றது. 2024 ஆகஸ்டில் அதே பாரம்பரிய நிலத்தில் நஹால் ஹெலெட்ஸ் என்ற புது யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது.

பைபிள் காலத்து இடம் கேட்டிருந்தீர்கள். ஊருக்கு மேலே ஒரு குன்று இருக்கிறது. இயேசுவுக்கு நூறு ஆண்டு பிந்தியது. ரோமரை எதிர்த்து எழுந்த யூதத் தலைவர் பார் கோக்பா கி.பி. 135-இல் கடைசியாக நின்று மடிந்த கோட்டை அது. முற்றுகையிட்ட ஐந்தாம், பதினோராம் படையணிகளின் பெயர் பொறித்த கல் ஊற்றுக்குப் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. அந்தக் குன்றுக்கு ஊர் அரபிகள் சொல்லும் பெயர் கிர்பத் அல் யஹூத், யூதரின் இடிபாடு. யாருடையதோ அவர்களுடைய பெயரிலேயே இன்றைக்கும் அழைக்கிறார்கள். சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏற்பாட்டாளர் இந்த ஊரில் ஒன்றுமில்லை என்கிறார்!

அம்மாவை அழைத்துப் போங்கள். ஊற்று ஊருக்குள்ளேயே இருப்பதால் குளத்தருகே அவர் உட்கார்ந்துகொள்ளலாம். தோட்டப் படிகளில் மட்டும் இறக்க வேண்டாம். பத்தீர் கத்தரிக்காய்க்குப் பேர்போனது. நீளக் காயைக் குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்துச் சமைப்பார்கள். அது கோடைப் பயிர், தவக்காலத்தில் கிடைக்காது. ஆனால் நீங்கள் போவது மழை ஓய்கிற நேரம். சரிந்த வரப்பை யாராவது அடுக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். இடுக்குக்கு ஏற்ற சில்லைத் தேர்ந்து எடுத்துக் கொடுப்பது உட்கார்ந்தபடியே செய்கிற வேலை, அம்மாவால் முடியும்.