'பர்ஸ்ட் இன்டு கிரையிங்' ஏன் தப்பு?

திடீரென அழத் தொடங்கினாள் என்பதற்கு உங்கள் ஆங்கிலக் கட்டுரையில் 'ஷி பர்ஸ்ட் (burst) இன்டு கிரையிங்' என்று நீங்கள் எழுதியதில் 'கிரையிங்'தான் இடறுகிறது: இங்கே 'இன்டு'வுக்குப் பின் பெயர்ச்சொல் வர வேண்டும், 'இங்' வினை 'அவுட்'டுக்குப் பின் வரும். 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்' அல்லது 'பர்ஸ்ட் அவுட் கிரையிங்' என்று எழுதுங்கள். சிரிப்புக்கும் இதே கதை: 'இன்டு லாஃப்டர்', 'அவுட் லாஃபிங்'.

தமிழில் 'இன்டு', 'அவுட்' என்ற வேறுபாடு இல்லை; 'பொலபொலவென்று அழுதாள்', 'குபீரென்று சிரித்தாள்' என்று வினை மட்டும் போதும். குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

கட்டுரையில் 'பர்ஸ்ட் இன்டு' வரும் இடங்களைத் தேடி, அடுத்த சொல்லைப் பாருங்கள். 'இங்' என்று முடியும் வினையாக இருந்தால் 'இன்டு'வை 'அவுட்' ஆக்குங்கள். கைதட்டலுக்கு மட்டும் 'இன்டு அப்ளாஸ்' என்றே விடுங்கள். 'அவுட் கிளாப்பிங்' வழக்கில் அரிது.

'பர்ஸ்ட் இன்டு த ரூம்' வந்தால் தொடாதீர்கள். அது தடாலென்று அறைக்குள் நுழைவது, அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறந்தகாலத்துக்கும் 'பர்ஸ்ட்'தான். 'பர்ஸ்டட்' வேண்டாம், கண்ணை உறுத்தும்.