ஆணி குத்திய டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடலாமா?

கேள்வி: என் ஸ்கூட்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, 14 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டியூப்லெஸ் டயர். போன வாரம் ஈரோடு ரோட்டில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு நான்கு ஓட்டை இருக்கிறது என்று சொல்லி 600 ரூபாய் வாங்கினார். “இந்த டயர் இனி நிற்காது, உள்ளே டியூப் போட்டுவிடுங்கள், அதுதான் சேஃப்டி” என்கிறார். அதற்குப் பிறகும் நாலைந்து நாளில் காற்று இறங்கிவிடுகிறது. குழந்தையைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும் வண்டி. ஓடும்போது வெடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. டியூப் போடலாமா?
- வாசகி, திருச்செங்கோடு

பதில்: போடாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பயம் நியாயமானது, ஆனால் இடம் மாறியிருக்கிறது. நீங்கள் பயப்படவேண்டியது டியூபைப் பார்த்துத்தான். டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைத் தாங்குவது உள்ளே இருக்கும் டியூப். டயர் அதற்கு மேல் போட்ட சட்டை மாதிரி. சட்டையைத் துளைத்து வரும் ஆணி டியூபைத் தொட்டதும், ஊதிய பலூனைப் போல இழுபட்டு இருக்கிற டியூப் சட்டென்று கிழியும். காற்று வெளியே வர ஆணி போட்ட ஓட்டை ஒன்றுதான் வழி என்று இல்லை. வால்வுத் துளையைச் சுற்றி இடைவெளி இருக்கிறது, அங்கேயும் புஸ்ஸென்று போகும். பின் சக்கரத்தில் இப்படி நடந்தால் வண்டி பாம்பு மாதிரி நெளியும். முன் சக்கரத்தில் நடந்தால் கைப்பிடி கையில் நிற்காது.

டியூப்லெஸ்ஸில் டயரும் ரிம்மும் சேர்ந்ததே காற்றுப் பை. டயரின் உள்பக்கத்தில் பியூட்டைல் ரப்பர் என்று ஒரு வகை ரப்பரால் மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருக்கும். அது காற்றை எளிதில் விடாது. ஆணி ஏறினால் அதைச் சுற்றி ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்று கசியும், கொட்டாது. ஆணியோடு மூன்று நாள் ஓட்டிவிட்டு, நாலாம் நாள் வண்டி துடைக்கும்போது பார்த்தவர்கள் எத்தனையோ பேர். பழைய ஸ்கூட்டர்களில் பின்னால் ஸ்டெப்னி தொங்கும், ஞாபகம் இருக்கிறதா? இன்றைய ஸ்கூட்டரில் அது இல்லாமல் நாம் நிம்மதியாகக் கிளம்புவதற்கு இந்த மெதுவான கசிவுதான் பெரிய காரணம்.

அதே டயருக்குள் டியூபைத் திணித்தால் இந்த நன்மை மொத்தமும் போயிற்று. அதோடு நிற்காது. டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் டியூபுக்காகச் செய்யப்பட்டதில்லை, மெல்லிய வரம்புகள் கோடுகோடாக ஓடும். டியூபுக்கும் டயருக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். ஓட ஓட இரண்டும் உரசிச் சூடாகும். இப்படி டியூப் போட்ட ஸ்கூட்டர் டயர் ஒன்றை ஒரு வருடம் கழித்து என் கடையில் கழற்றினேன். உள்ளே டீத்தூளைக் கொட்டியது மாதிரி கறுப்புப் பொடி, ஒரு கைப்பிடி இருக்கும். அத்தனையும் டியூப் தேய்ந்து உதிர்ந்த ரப்பர். டியூபை வெளிச்சத்தில் பிடித்தால் ஓர் இடத்தில் மறுபக்கம் என் விரல் நிழல் தெரிந்தது. அந்த வண்டியில் வந்தவர் மனைவியையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு சேலம் வரை போய்வருகிறவர்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பைக் வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். ஸ்போக் கம்பி வைத்த சக்கரம் என்றால் கதை வேறு. ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு வந்து நிப்பிள் என்ற சின்னத் திருகில் முடிகிறது. 36 கம்பி என்றால் ரிம்மில் 36 ஓட்டை. அதில் டியூப் இல்லாமல் காற்று எப்படி நிற்கும்? அதனால் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்றே அச்சடித்த டயரைச் சில நிறுவனங்கள் ஸ்போக் சக்கரத்தில் டியூபோடு மாட்டித் தருகின்றன. அது கம்பெனி பொருத்தம். ஏமாந்துவிட்டோம் என்று அதைக் கழற்றவேண்டாம். அந்த ரிம்முக்கு உரிய அளவில் டியூப் இருக்கவேண்டும், நிப்பிள் தலைகள் டியூபைக் குத்தாதபடி ரிம்மைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்போக் ரிம்மின் ஓட்டைகளை சிலிக்கான் பசையும் டேப்பும் வைத்து அடைத்து ‘டியூப்லெஸ்ஸாக மாற்றித் தருகிறோம்’ என்று கிளம்பியிருக்கிறார்களே, அவர்களிடம் மட்டும் போகாதீர்கள். கம்பிகளை ரிம்மின் ஓரத்தில் மாட்டி, நடுவில் ஓட்டையே இல்லாமல் செய்த ரிம்களும் இப்போது வருகின்றன. அவற்றில் டியூப் இல்லாமலே ஓடலாம், விலைதான் கண்ணைக் கட்டும். இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், உங்களிடம் டியூப் போடச் சொன்னவர் நாளைக்கு “அந்த பைக்கில் கம்பெனியே போட்டிருக்கிறானே” என்று இதைத்தான் காட்டுவார். உங்கள் ஸ்கூட்டரின் ரிம்மில் கம்பி இல்லை, அது முழுத் தகடு. இந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

இனி அந்த நான்கு ஓட்டை.

நீங்கள் பார்த்தது ஓர் ஆணி. மற்ற மூன்று எங்கிருந்து வந்தன? அந்தக் கடையை நான் பார்க்கவில்லை, அதனால் அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆள் உங்களுக்கு முதுகு காட்டிக் குந்துவார். வலது கையால் சோப்புத் தண்ணீர் தெளிப்பார். சக்கரத்தைச் சுற்றும் இடது உள்ளங்கையில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குத்தூசி இருக்கும். சுற்றிக்கொண்டே, டயரின் மேல் மேடாக இருக்கும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவில் ஒரு அழுத்து. உடனே குமிழ் வரும். “பாருங்கள், இங்கேயும் போகுது.” ஒரு குமிழுக்கு 150 ரூபாய். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தால் இன்னும் வசதி. ரோட்டிலேயே ஆணியைத் தூவி வைத்துப் பக்கத்தில் கடை போடுகிறவர்களும் உண்டு. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒருவர் காந்தத்தை வைத்துக் கிலோ கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தி நாடெல்லாம் வந்தது.

அதனால் அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ஆணி தெரிந்தால் நீங்களாகப் பிடுங்காதீர்கள். கடையில் அவர் தொடுவதற்கு முன்னால் டயரை முழுதாக ஒரு சுற்று சோப்புத் தண்ணீரால் நனைக்கச் சொல்லுங்கள், கை வைக்காமல். எத்தனை இடத்தில் குமிழ் வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள், செல்போனில் படம் எடுங்கள். படம் எடுப்பதைப் பார்த்தாலே பாதிக் குமிழ் குறைந்துவிடும்.

பஞ்சர் போடும் முறையும் இரண்டு இருக்கிறது. ரோட்டோரம் போடுவது, ஓட்டையை அரம் மாதிரி ஒரு கம்பியால் தேய்த்துவிட்டு, பிசின் பூசிய நூலை வெளியிலிருந்து திணிப்பது. அது அவசரத்துக்கு நல்லது, வீட்டுக்கு வந்து சேர்க்கும். சரியான வேலை என்றால் டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவத்தில் இருக்கும் அடைப்பை ஏற்றி ஒட்டவேண்டும். மஷ்ரூம் பஞ்சர் என்று கேட்டால் தெரியும். டயர் கழற்றும்போது உள்பக்கத்தையும் பார்த்துவிடலாம். எந்த முறையாக இருந்தாலும் ஓட்டை ரோட்டில் படும் பட்டன் பகுதியில் இருக்கவேண்டும், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் கூடாது. பக்கவாட்டில் குத்தியிருந்தால் பஞ்சர் என்ற பேச்சே வேண்டாம், டயரை மாற்றுங்கள். சைடில் நூல் திணித்துக் கொடுக்கிறவர் உங்கள் உயிரைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்னொன்று, பச்சை நிறத்தில் ஒரு திரவத்தைக் காட்டி “இதை ஊற்றிவிட்டால் ஆயுசுக்கும் பஞ்சர் ஆகாது” என்பார்கள். வேண்டாம். சிறு ஓட்டையை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் ஆணி இருப்பதே தெரியாமல் நீங்கள் மாதக்கணக்கில் ஓட்டுவீர்கள். அப்புறம் டயரைக் கழற்றினால் உள்ளே கூழ். அதைத் துடைத்து எடுத்தால்தான் எந்த ஒட்டும் நிற்கும், நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

சரி, காற்று ஏன் இறங்குகிறது? நான்கு நூலில் ஏதோ ஒன்று கசியலாம். என் சந்தேகம் வால்வு மேல். டியூப்லெஸ் ரிம்மில் வால்வு என்பது ரப்பர் தண்டு. வெயிலில் அதன் அடிப்பகுதியில் விரிசல் விழும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழ் வரும். மிகக் குறைந்த விலைப் பொருள், ஆகவே இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். வால்வு மூடியும் தொலைந்திருந்தால் ஒன்று வாங்கிப் போடுங்கள், மண் உள்ளே போனால் வால்வுக்குள் இருக்கும் ஊசி சரியாக மூடாது. வேகத்தடையிலோ பள்ளத்திலோ விழுந்து ரிம் ஓரம் நெளிந்திருந்தாலும் அங்கே காற்று போகும்.

டியூப்லெஸ் வெடிக்கவே வெடிக்காதா என்று கேட்டால், வெடிக்கும். அது ஆணியால் நடப்பது அபூர்வம், காற்று குறைவாக ஓட்டினால் நடக்கும். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அதில் சூடு ஏறி உள்ளே இருக்கும் நூல் அடுக்கு விட்டுப்போகும். டியூப்லெஸ்ஸில் உள்ள ஒரே ஆபத்தான குணம் இதுதான், மெதுவாக இறங்குவதால் நமக்குத் தெரிவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள். பல ஸ்கூட்டர்களில் முன் டயருக்கு 22 பி.எஸ்.ஐ., பின் டயருக்கு ஒருவர் மட்டும் ஓட்டினால் 29, பின்னால் ஆள் உட்கார்ந்தால் 36 என்று வரும். உங்கள் வண்டியிலோ அதன் புத்தகத்திலோ போட்டிருக்கும் எண்ணைப் பின்பற்றுங்கள், காற்று அடிக்கும் பையன் சொல்லும் எண்ணை வேண்டாம்.

ஆனால் காற்று எங்கே பிடிப்பது? பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. போய்ப் பார்த்தால் ‘கம்ப்ரஸர் ரிப்பேர்’ என்று அட்டை தொங்கும், அந்த அட்டை மஞ்சள் பூத்துப்போயிருக்கும். இல்லாவிட்டால் ஆள் சாப்பிடப் போயிருப்பார். பக்கத்திலேயே நைட்ரஜன் மெஷின் மட்டும் காசுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அம்மா. பள்ளிக்கூடம் போய்வரும் ஸ்கூட்டருக்கு அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டாம். 2020-இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் போடும் பொருள்களும் கொடுத்தால் காரில் ஸ்டெப்னி வேண்டாம் என்றது. நல்லது. பஞ்சர் போடுகிறவருக்குக் கட்டாயப் பயிற்சி என்று ஒரு வரி சேர்த்திருக்கக்கூடாதா? வண்டி வாங்கும்போது மாலை போட்டு, ஸ்வீட் கொடுத்து, போட்டோ எடுக்கிறார்கள். காற்று எவ்வளவு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

உங்கள் டயருக்கு வருகிறேன். நான்கு நூலும் எங்கெங்கே இருக்கின்றன என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இரண்டு வட்டம் நாலு விரல் இடைவெளிக்குள் இருந்தால் அந்த டயரை மாற்றிவிடுங்கள். அப்படி இல்லையென்றால் பட்டனைப் பாருங்கள். பள்ளங்களுக்கு அடியில் சின்னச் சின்ன மேடு இருக்கும், பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. 14 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் டயர் என்பதால் அது பக்கத்தில் வந்திருக்கும். இன்னும் உயரம் இருந்தால், கழற்றி உள்ளிருந்து ஒட்டச் சொல்லுங்கள், அப்போதே வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் போர்வெல் லாரிகளுக்கு டயர் பார்க்கும் கடைகள் இருக்கின்றன. லாரி டயரை உள்ளிருந்து ஒட்டத் தெரிந்தவருக்கு ஸ்கூட்டர் டயர் பெரிய விஷயமில்லை, கேட்டுப் பாருங்கள்.

புது டயர் வாங்குவதானால் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். கடைக்காரர் தூசு தட்டி எடுத்து வந்தால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வேறு கேளுங்கள். டயர் மாற்றும்போது வால்வும் புதிதாகப் போடவேண்டும், பழையதையே வைத்து மாட்டுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.